ஓய்வில் நிற்கும் கொதிகலனைத் துருவிலிருந்து காத்தல்

நீராவிக் கொதிகலன், அதாவது தொழிற்சாலைகளில் எல்லாரும் பாய்லர் என்று சொல்லும் கலம், முறையாக ஓடும் நாட்களில் தேய்வதைவிடக் கவனிப்பின்றி நிற்கும் நாட்களில் விரைவாகக் கெடுகிறது. ஓடும்போது அதன் நீர் மருந்திட்டுக் காக்கப்படுகிறது, இரும்பு சூடாக இருப்பதால் அதன்மேல் ஈரம் படிவதில்லை, அருகில் ஓர் இயக்குநர் எப்போதும் இருக்கிறார். நிறுத்தியவுடன் இம்மூன்று பாதுகாப்பும் ஒருசேர விலகிவிடுகின்றன. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள், தேங்கிய நீர் பனியாக உறைந்து சுமார் 9 விழுக்காடு விரிந்து குழாய்களைப் பிளக்கும் என்ற அச்சத்தையே முதலில் வைத்துப் பேசுகின்றன. உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுவதால் நீலகிரி மலை ரயிலின் நீராவி என்ஜின்களைப் பேணுவோருக்கும் அந்த அச்சம் அந்நியமானதன்று. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் பனி இல்லை. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் உண்டு. ஆகவே குளிர்நாட்டுக் கையேட்டைப் பார்த்து நீரை வடித்துவிட்டு மூடியைத் திறந்து போட்டுவிடும் ஒருவர், பனியிலிருந்து காத்த கொதிகலனைத் துருவுக்குக் கொடுத்தவராகிறார்.

இப்பள்ளத்தாக்கில் உள்ள செந்தூலுக்கு நீராவி புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வே தன் மத்தியப் பணிமனையை இங்கே அமைத்தது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அதில் உழைத்தனர். 1950களின் பிற்பகுதியில் டீசல் என்ஜின்கள் வரத் தொடங்கிய பின் ரயிலில் நீராவி மெல்ல மறைந்தது. பணிமனை நிலத்தின் ஒரு பகுதியில் 2005இல் கோலாலம்பூர் நிகழ்கலை மையம் திறக்கப்பட்டது. ஆயினும் ஹோட்டல் துணிகளை வெளுக்கும் சலவை நிலையங்கள், மீயும் சோயாப்பாலும் தயாரிக்கும் ஆலைகள், ரப்பர் கையுறைத் தொழிற்சாலைகள், நகருக்கு வெளியே செம்பனை எண்ணெய் ஆலைகள் எனக் கொதிகலன்கள் இன்றும் இப்பகுதியில் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி விடுமுறைகளிலும் உற்பத்தி குறையும் மாதங்களிலும் அவை நிற்கின்றன. 2020 மார்ச் 18இல் கோவிட் பெருந்தொற்றைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நிறுத்தி வைக்கும் ஆயத்தம் எதுவும் செய்யப்படாமலே பல தொழிற்கூடங்கள் மூடப்பட்டன. அப்படிப்பட்ட எதிர்பாராத நிறுத்தத்துக்கும் இந்த அத்தியாயத்தின் முறைகள் பொருந்தும்.

கீழே சொல்லப்படுவது பெரும்பாலும் டியூப்களின் உள்ளே தீயும் வெளியே நீரும் செல்லும் தீக்குழாய்க் கொதிகலன்களுக்கு உரியது. தயாரிப்பாளரின் கையேடு இதிலிருந்து வேறுபட்டால் கையேட்டின் சொல்லையே பின்பற்ற வேண்டும்.

கேடு எங்கிருந்து வருகிறது

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வாயுவும், அதாவது ஆக்சிஜனும், சேர்ந்து இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை முழுமையாக விலக்கினால் துரு நின்றுவிடும். கொதிகலனை உயிர்வாயு நீங்கிய நீரால் விளிம்புவரை நிரப்புவது ஒரு வழி, ஒரு துளி ஈரமும் இல்லாமல் உலர்த்தி மூடுவது மற்றொரு வழி. முன்னது ஈர முறை, பின்னது உலர் முறை எனப்படும். பாதி நீரும் பாதி காற்றுமாக விடுவது இவ்விரண்டில் எதிலும் சேராது. நீர்மட்டக் கோட்டை ஒட்டிய இரும்பில் ஊசி குத்தினாற்போன்ற ஆழமான குழிகள் விழுவது அந்த நிலையில்தான், அவை ஒரு டியூப்பைத் துளைத்துவிட்டால் எந்த மருந்தாலும் சரிசெய்ய முடியாது.

இப்பகுதியில் காற்றின் சார்பு ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. இரும்பு விரைந்து துருப்பிடிக்க 60 விழுக்காடே போதும். இரவில் குளிர்ந்த தடித்த இரும்பு, காலையில் வெப்பமும் ஈரமும் ஏறிவரும் காற்றைத் தொடும்போது வியர்க்கிறது. கூரைக்குள் இருக்கும் கொதிகலன் மழையில் நனையாது என்பதால் அது உலர்ந்திருக்கும் என்று கருதுவது தவறு.

தீ படும் பக்கத்தில் கேடு வேறு வடிவில் வருகிறது. எரியெண்ணெயின் புகைக்கரியில் கந்தகம் உண்டு. ஈரம் சேர்ந்தால் அது கந்தக அமிலமாகிறது. செம்பனை நாரும் ஓடும் எரிந்த சாம்பலில் பொட்டாசிய உப்புகள் மிகுதி. அவை காற்றின் ஈரத்தைத் தாமே இழுத்து வைத்துக்கொள்ளும். நீர்ப்பக்கத்தை நன்றாகக் காத்துவிட்டுத் தீப்பக்கத்தைத் துடைக்காமல் விடும் வழக்கம் பரவலாக உள்ளதால், பல கொதிகலன்களில் டியூப்கள் உள்ளிருந்து அரிக்கப்பட்டுப் போகின்றன.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு மூன்று நாள் நிறுத்தத்துக்கு இரண்டு முறையும் வேண்டியதில்லை. நீரின் மருந்தளவைச் சற்று உயர்த்தி, அழுத்தம் முற்றிலும் இறங்காதபடி இடையிடையே சிறிது நேரம் எரித்துக் கலத்தைச் சூடாக வைத்தால் போதும். ஆனால் அந்த எரிப்பின்போது தகுதி பெற்ற இயக்குநர் அங்கே இருக்க வேண்டும்.

ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரையிலான நிறுத்தத்துக்கும், திடீரென்று மறுபடி ஓட்ட வேண்டிய தேவை வரக்கூடிய இடங்களுக்கும் ஈர முறை ஏற்றது. அதற்கு மேற்பட்ட காலத்துக்கு, அல்லது நிறுத்தக் காலம் எவ்வளவு என்றே தெரியாதபோது, உலர் முறையையே இந்நூல் பரிந்துரைக்கிறது. ஏனெனில் ஈர முறை வாரந்தோறும் நீரைச் சோதிக்க ஓர் ஆள் இருப்பதை நம்பி நிற்கிறது, ஆள் வராமல் போனால் மருந்து தீர்ந்த நீர் மெதுவாகக் கலத்தைத் தின்னத் தொடங்கிவிடும். நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் பொருத்தப்பட்ட கொதிகலன்களில், அதன் வளைகுழாய்களில் தேங்கும் மருந்து உப்புகளை வடித்தெடுக்க முடியாமல் போகக்கூடும் என்பதால், தயாரிப்பாளரைக் கேட்காமல் கீழே கூறும் சல்ஃபைட் கலந்த ஈர முறையைக் கையாளக் கூடாது.

இரு முறைக்கும் பொதுவான முன்வேலைகள்

1. கொதிகலனின் தகுதிச் சான்றிதழில் உள்ள காலாவதித் தேதியை முதலில் பார்க்க வேண்டும். 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1இல் நீக்கப்பட்டு, கொதிகலன்கள் 1994ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டுள்ளன, ஜே.கே.கே.பி. என்று பரவலாக அறியப்படும் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதார இலாகாவே சோதனைக்கும் சான்றிதழுக்கும் பொறுப்பு. தேதி நிறுத்தக் காலத்துக்குள் முடிவடையுமானால், கலம் எப்படியும் திறக்கப்படும் அந்த வேளையிலேயே சோதனைக்கு ஏற்பாடு செய்வது செலவையும் இரட்டை வேலையையும் தவிர்க்கும்.

2. கடைசி ஓட்ட நாளில் தீயைக் குறைத்து, அடியில் படிந்த சேற்றை வெளியேற்றும் புளோடவுன் வால்வைச் சில விநாடிகள் வீதம் பலமுறை திறந்து மூட வேண்டும். ஒரே தடவையாக நீண்ட நேரம் திறப்பதைவிட இப்படிச் செய்தால் சேறு நன்றாக வெளியேறும். ஒவ்வொரு முறையும் கேஜ் கிளாஸில், அதாவது நீர்மட்டம் காட்டும் கண்ணாடியில், கண் இருக்க வேண்டும்.

3. தீயை அணைத்தபின் கலம் தானாகக் குளிர விட வேண்டும். கதவுகளைத் திறந்தும் விசிறி வைத்தும் குளிரச் செய்தால் டியூப்களின் முனைகள் தகட்டிலிருந்து தளர்ந்து கசியும். ஒரு முழு நாள் ஆனாலும் காத்திருப்பதே சரி.

4. அழுத்தம் சுமார் 0.3 பாருக்கு இறங்கியதும் மேலே உள்ள காற்று வால்வை மெல்லத் திறந்துவிட வேண்டும். இதை மறந்தால் உள்ளிருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்கி வெற்றிடம் உண்டாகும். அது கேஸ்கட்டுகளை உள்ளிழுத்துக் கெடுக்கும், மூடியைக் கழற்றுபவருக்கும் ஆபத்தாகும்.

5. எரிபொருள் வால்வையும் மின்விசையையும் நிறுத்திப் பூட்டி, சாவியைக் கலத்தில் வேலை செய்பவரே தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டை மட்டும் மாட்டுவது போதாது.

6. பக்கத்தில் வேறு கொதிகலன் ஓடிக்கொண்டிருந்தால், நீராவிக் குழாய், ஊட்டுநீர்க் குழாய், புளோடவுன் குழாய் மூன்றையும் வால்வை மூடுவதோடு நிறுத்தாமல், இணைப்பின் நடுவே உலோகத் தகடு செருகி அடைக்க வேண்டும். இரு கொதிகலன்கள் ஒரே புளோடவுன் குழாயைப் பகிரும் இடங்களில், ஓடுகிற கலத்தின் வால்வைத் திறந்ததும் கொதிநீரும் நீராவியும் திறந்து கிடக்கும் கலத்துக்குள் பாய்ந்து உள்ளிருப்பவரைக் கொன்றுவிடக்கூடும்.

ஈர முறை

கணக்குக்காக 5,000 லிட்டர் கொள்ளும் கலம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 30 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 7.5 மில்லிகிராம் உயிர்வாயு கரைந்திருக்கும். ஒரு பங்கு உயிர்வாயுவைப் பிடிக்க ஏறத்தாழ எட்டுப் பங்கு சோடியம் சல்ஃபைட் தேவை. ஆகவே உயிர்வாயுவை நீக்குவதற்கே சுமார் 300 கிராமும், பின்னர் நுழையக்கூடியதை எதிர்கொள்ள லிட்டருக்கு 200 மில்லிகிராம் வீதம் இருப்பாக 1 கிலோவும் சேர்த்து, மொத்தம் 1.3 கிலோ வேண்டும். ஓடும் நாட்களில் இடும் அளவையே போட்டுவிட்டு இது போதும் என்று விடுவதுதான் இங்கே பெரும்பாலும் நடக்கும் பிழை.

1. கொதிகலனில் வழக்கமான மட்டம்வரை மென்னீர், அதாவது சுண்ணாம்பு உப்பு நீக்கிய நீர், இருக்க வேண்டும். இயன்றால் சூடாக்கிய ஊட்டுநீரையே பயன்படுத்த வேண்டும்; சூடான நீரில் உயிர்வாயு குறைவு.

2. முழுக் கலத்துக்கும் கணக்கிட்ட சல்ஃபைட்டைத் தனி வாளியில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஊட்டுநீர்த் தொட்டி வழியாக உள்ளே செலுத்த வேண்டும்.

3. நீரின் பிஎச் அளவு 10.5 முதல் 11 வரை இருக்கும்படி காஸ்டிக் சோடா சேர்க்க வேண்டும். காஸ்டிக்கை நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும்; காஸ்டிக்கின்மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது.

4. எரிபொருள், மின்விசைப் பூட்டுகளை இதற்காக மட்டும் எடுத்து, காற்று வால்வைத் திறந்து வைத்துச் சிறுதீயில் அரைமணி முதல் ஒருமணி நேரம் கொதிக்க விட வேண்டும். கரைந்திருக்கும் காற்று வெளியேறுவதும் மருந்து எல்லா மூலைக்கும் பரவுவதும் இந்த ஒரு படியால்தான். இதைத் தவிர்த்தால் மருந்து விழுந்த இடத்திலேயே தங்கிவிடும்.

5. தீயை அணைத்து, மறுபடி பூட்டி, நீராவி வருவது நின்றபின், காற்று வால்வின் வழியே நீர் வழியும்வரை மெதுவாக நிரப்ப வேண்டும்.

6. காற்று வால்வின் குழாயோடு, கலத்தைவிட உயரத்தில், 50 லிட்டர் அளவில் மூடியுள்ள ஒரு சிறு தொட்டியை இணைத்து அதிலும் மருந்திட்ட நீரைப் பாதியளவு ஊற்றி வைக்க வேண்டும். இரவு 24 பாகையிலிருந்து பிற்பகல் 34 பாகைக்கு வெப்பம் ஏறும்போது 5,000 லிட்டர் நீர் சுமார் 15 லிட்டர் விரியும். அந்த விரிவுக்கு இடம் கொடுப்பதும், குறையும்போது காற்று நுழையாமல் நீரையே திருப்பி அனுப்புவதும் இத்தொட்டியின் வேலை. தொட்டியின் மட்டம் தொடர்ந்து இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

7. எரிப்பானின்மேல், "கலம் முழுவதும் நீர், எரிக்கக் கூடாது" என்று தமிழ், மலாய் உட்பட அங்கு வேலை செய்வோர் படிக்கக்கூடிய எல்லா மொழிகளிலும் எழுதி மாட்ட வேண்டும். நீராவிக்கு இடமில்லாத கலத்தை எரித்தால் அழுத்தம் மிக வேகமாக ஏறும்.

வாரம் ஒருமுறை சல்ஃபைட் அளவையும் பிஎச்சையும் சோதிக்க வேண்டும். சல்ஃபைட் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் மருந்து சேர்த்து, பம்பு கொண்டு நீரைச் சுழற்ற வேண்டும்; சுழற்றாமல் மேலே ஊற்றுவது வீண். மாதிரி எடுக்கும்போது முதலில் வரும் நீரைக் கொட்டிவிட்டு, பிறகு வருவதையே சோதிக்க வேண்டும், ஏனெனில் குழாயில் தேங்கிய நீர் கலத்தின் நிலையைக் காட்டாது.

உலர் முறை

உலர் முறையில் வேலை முழுவதும் தொடக்கத்தில்தான். அதைச் சரியாகச் செய்துவிட்டால் மாதக்கணக்கில் கவலை குறைவு. அதன் நுணுக்கம் ஈரம் உறிஞ்சும் பொருளை வைப்பதில் இருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் மூடிய கலத்துக்குள் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்றில், அது முழு ஈரத்தோடு இருந்தாலும், 30 பாகையில் சுமார் 30 கிராம் நீரே உண்டு. ஆனால் அடியில் வடியாமல் நின்ற ஒரு லிட்டர் நீர் நான்கைந்து கிலோ சிலிக்கா ஜெல்லைத் தனியே தின்றுவிடும். கசியும் ஒரு வால்வோ எவ்வளவு ஜெல் வைத்தாலும் தோற்கடித்துவிடும். ஆகவே கவனம் முழுவதும் வடிப்பதிலும் உலர்த்துவதிலும் அடைப்பதிலும் இருக்க வேண்டும்.

1. அழுத்தம் முற்றிலும் நீங்கி, நீர் 60 முதல் 70 பாகைக்கு இறங்கியபின் வடிக்க வேண்டும். இரும்பில் மீந்திருக்கும் வெப்பம் உலர்வதற்கு உதவும். இதைவிடச் சூடாக வடித்தால் சேறு டியூப்களின்மேல் சுட்டுக் கட்டியாகிவிடும். முழுவதும் ஆறியபின் வடித்தால் உலர நாட்கள் ஆகும்.

2. வடிக்கும் நீரை நேரே சாக்கடையில் விடக் கூடாது. 2009ஆம் ஆண்டுத் தொழிற்கழிவுநீர் விதிமுறைகள் 40 பாகைக்கு மேற்பட்ட நீரையும், பிஎச் 9ஐத் தாண்டிய நீரையும் வெளியேற்றத் தடை விதிக்கின்றன. செந்தூலின் சாக்கடைகள் சேரும் பத்து, கோம்பாக் ஆறுகள் ஏற்கெனவே போதிய சுமையைத் தாங்குகின்றன. குழியில் ஆற வைத்து, காரத்தன்மையைக் குறைத்தபின் விட வேண்டும்.

3. மேன்ஹோல், ஹேண்ட்ஹோல் எனப்படும் ஆள்நுழை, கைநுழை வாய்களின் மூடிகளைத் திறக்க வேண்டும். இவை பெரும்பாலும் உள்ளிருந்து அழுத்தி மூடும் நீள்வட்ட மூடிகள். நட்டுகளை முழுவதும் கழற்றாமல் தளர்த்தி, மூடியைத் தட்டி அசைத்து, உள்ளே அழுத்தமோ வெற்றிடமோ இல்லை என்று உறுதி செய்தபின்பே கழற்ற வேண்டும். மூடி உள்ளே விழாதபடி கயிறு கட்டிக்கொள்வது நல்லது.

4. சேறு ஈரமாக இருக்கும்போதே அழுத்த நீரால் உட்புறத்தைக் கழுவ வேண்டும். ஒருநாள் தள்ளினால் அதே சேற்றைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

5. அடியில் தேங்கும் நீரைத் துணியாலோ உறிஞ்சியாலோ எடுத்துவிட்டு, கேஜ் கிளாஸ் குழாய்கள், நீர்மட்டக் கட்டுப்பாட்டுக் கருவியின் அறை, ஊட்டுநீர்க் குழாயின் தாழ்ந்த வளைவு ஆகியவற்றைத் தனித்தனியே வடிக்க வேண்டும். மறக்கப்படும் இடங்கள் இவையே.

6. மின்சூடேற்றியுடன் கூடிய காற்றூதி கொண்டு ஒரு வாயில் சூடான காற்றைச் செலுத்தி மறுவாயில் வெளியேற்ற வேண்டும். நீரில்லாத கலத்தில் எரிப்பானை ஒரு நிமிடம்கூட ஏற்றி உலர்த்தக் கூடாது. டியூப்கள் வளைந்து தகடு கெட்டுவிடும்.

7. கலத்தின் ஒரு கன மீட்டர் கொள்ளளவுக்குச் சுமார் 3 கிலோ வீதம் சிலிக்கா ஜெல்லையோ, சுமார் 1 கிலோ வீதம் சுட்ட சுண்ணாம்பையோ ஆழமற்ற தட்டுகளில் பரப்பி, தட்டுகள் இரும்பை நேரே தொடாதபடி மரக்கட்டைகளின்மேல் வைக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பு ஈரம் பட்டதும் உப்பிச் சூடாகும் என்பதால் தட்டைப் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது. அது கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். சிலிக்கா ஜெல் நிறம் மாறித் தன் நிலையைக் காட்டும், அடுப்பில் சுமார் 120 பாகையில் காய்ச்சி மறுபடி பயன்படுத்தலாம். விலை கூடினாலும் அதுவே மேல்.

8. எத்தனை தட்டுகள், எந்தெந்த இடத்தில் வைக்கப்பட்டன என்பதைக் குறிப்பேட்டில் எழுதி, அந்த எண்ணிக்கையை மேன்ஹோல் மூடியின்மேலும் ஒட்ட வேண்டும்.

9. புதிய கேஸ்கட்டுகளுடன் எல்லா மூடிகளையும் அன்றே மூடி, எல்லா வால்வுகளையும் அடைக்க வேண்டும். உலர்த்தியதற்கும் மூடியதற்கும் இடையே ஓர் இரவு சென்றால் உலர்த்திய வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பெரிய ஆலைகளில் கலத்துக்குள் நைட்ரஜன் வாயுவை மிகக் குறைந்த அழுத்தத்தில் நிரப்பி வைக்கும் வழக்கமும் உண்டு. அது சிறந்த காப்பே; ஆயினும் மணமோ நிறமோ இல்லாத அந்த வாயு கசிந்து மூடிய அறையில் தேங்கினால் உள்ளே வருபவர் எச்சரிக்கையின்றி மயங்கி விழுந்து இறப்பார் என்பதால், வாயு அளவிடும் கருவியும் பயிற்சி பெற்றவரும் இல்லாத சிறு தொழிற்கூடங்களுக்கு அது ஏற்றதன்று.

ரயில் என்ஜின் கொதிகலன்களைப் பாதுகாத்து வைப்போருக்கு வேலை இன்னும் கூடுதல். கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் கட்டிய மலாயா ரயில்வேயின் 56ஆம் வகுப்பு என்ஜின்களிலும், சபாவில் விறகெரித்து ஓடிய வல்கன் ஃபவுண்டரி என்ஜின்களிலும் காணப்படும் வகையில், ஃபயர்பாக்ஸ் எனும் தீப்பெட்டியைச் சுற்றி நீர் நிற்கும் குறுகிய சுவர்களின் அடிவளையத்தில் சேறும் நீரும் ஒளிந்து நிற்கும். எல்லாக் கழுவு அடைப்பான்களையும் கழற்றி, சூப்பர்ஹீட்டர் குழாய்களை உலர்ந்த அழுத்தக் காற்றால் ஊதி, மேலுறைக்குள் நனைந்து கிடக்கும் வெப்பக்காப்புப் பஞ்சை எடுத்துவிட்டால் தவிர அவை உலர்ந்ததாகக் கொள்ள முடியாது.

தீப்பக்கமும் புகைபோக்கியும்

எம்முறையைக் கையாண்டாலும் தீப்பக்கம் உலர்ந்தே இருக்க வேண்டும். முன்பின் கதவுகளைத் திறந்து, ஒவ்வொரு டியூப்பையும் கம்பித் தூரிகையால் முழு நீளத்துக்கும் துலக்கி, கரியையும் சாம்பலையும் வாரி வெளியேற்றுவது முதல் வேலை. ஒட்டிக்கொண்ட கரியைச் சலவைச் சோடா கரைத்த நீரால் கழுவி அமிலத்தை முறிக்கலாம். ஆனால் கழுவிய அன்றே சூடான காற்றால் உலர்த்தியாக வேண்டும், தீச்செங்கல் பூச்சின்மேல் நீர் படக் கூடாது. கரித்தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் முறையான மூச்சுக் கவசம் வேண்டும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது.

புகைபோக்கி வழியே கொட்டும் மழையே இப்பகுதியின் கொதிகலன்களுக்குத் தீப்பக்கத்தில் நேரும் பெருங்கேடு. ஏப்ரலிலும் நவம்பரிலும் பெய்யும் பிற்பகல் மழை ஒன்றே டியூப் தகட்டை நனைக்கப் போதும். புகைபோக்கியின் வாயை மூடியோ, கொதிகலனோடு சேரும் இடத்தில் தகடு வைத்து அடைத்தோ விட வேண்டும். அப்படி அடைத்ததை எரிப்பானின் சுவிட்ச்மேல் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும், ஏனெனில் அடைப்பை எடுக்காமல் தீ மூட்டினால் புகையும் நச்சு வாயுவும் அறைக்குள்ளேயே திரும்பும். உள்ளே ஒரு தட்டுச் சிலிக்கா ஜெல்லோ, தணிந்த சூடு தரும் சிறு மின்சூடேற்றியோ வைத்துக் கதவுகளை மூடலாம்.

துணைக் கருவிகளுக்குச் சில சொற்கள் போதும். ஊட்டுநீர்ப் பம்பின் தண்டை வாரம் ஒருமுறை கையால் சுற்றிவிட வேண்டும். மின்பெட்டிக்குள் ஈரம் படியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மென்னீராக்கும் கருவியின் பிசின்மணிகள் காயக் கூடாது. பாதுகாப்பு வால்வை எக்காரணத்துக்கும் கட்டியோ அடைத்தோ வைக்கக் கூடாது. அதன் வெளியேற்றுக் குழாயிலும் வடிதுளையிலும் குளவிக்கூடு கட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வர வேண்டும்.

உள்ளே நுழைபவரின் உயிர்

மூடி வைக்கப்பட்ட கொதிகலனுக்குள் துரு மெல்ல மெல்ல வளரும்போது அது காற்றிலுள்ள உயிர்வாயுவையே எடுத்துக்கொள்கிறது. நச்சு வாயு எதுவும் இல்லாத, சுத்தமாகத் தெரியும், வாடையற்ற கலத்துக்குள் தலையை நீட்டியவர் இரண்டொரு மூச்சில் நினைவிழப்பது இதனால்தான். அவரை இழுக்கப் பதறி உள்ளே இறங்கும் இரண்டாமவரும் இறப்பது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மலேசியாவில் அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கென 2010இல் வெளியிடப்பட்ட தொழில்துறை நடைமுறைத் தொகுப்பு, அனுமதிச் சீட்டு, பயிற்சி பெற்ற வாயுச் சோதனையாளர், வெளியே நிற்கும் காவலர் ஆகியவற்றைக் கோருகிறது. சிறு சலவை நிலையத்துக்கும் இது பொருந்தும். வேலை பத்து நிமிடம்தான் என்பது விலக்காகாது.

1. எல்லா வாய்களையும் திறந்து, ஊதியால் புதுக்காற்றைச் செலுத்தியபின் நுழைவதற்கு முன்பு உயிர்வாயுவை அளக்க வேண்டும்; அளவு 19.5 விழுக்காட்டுக்கும் 23.5 விழுக்காட்டுக்கும் இடையே இருக்க வேண்டும். எரியும் வாயு, நச்சு வாயு இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

2. வேலை நடக்கும் நேரம் முழுவதும் ஊதி ஓட வேண்டும். உயிர்வாயு உருளையைத் திறந்துவிட்டுக் காற்றோட்டம் தருவது தீயை வரவழைக்கும்.

3. உள்ளே 24 வோல்ட் விளக்கையோ மின்கல விளக்கையோ மட்டும் பயன்படுத்த வேண்டும். ஈரமான இரும்புக்குள் வீட்டு மின்சார விளக்கு எடுத்துச் செல்வது உயிருக்கு உலை.

4. வெளியே நிற்பவர் எக்காரணத்துக்கும் இடத்தை விட்டு அகலக் கூடாது. உள்ளிருப்பவர் பேசாமல் போனால் உதவியை அழைக்க வேண்டுமே தவிரத் தாமும் உள்ளே குதிக்கக் கூடாது.

மீண்டும் ஓட்டத்துக்குக் கொண்டுவருதல்

நின்ற கொதிகலன் ஆபத்தற்றது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைத் தமிழ்நாட்டின் நெய்வேலி காட்டியது. அங்கே 2020 ஜூலை 1இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில், மின்னுற்பத்தி நின்றிருந்து அது மறுபடி இயக்கத்துக்கு ஆயத்தமாக்கப்பட்ட வேளையில் கொதிகலன் பகுதியில் நேர்ந்த வெடிப்பில் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்தப் பெருங்கலத்தின் நிலைமை வேறு. ஆயினும் ஓட்டத்தைத் தொடங்கும் முதல் மணிநேரங்கள் தனிக் கவனம் வேண்டுபவை என்பது எல்லா அளவிலான கலங்களுக்கும் பொருந்தும். உற்பத்தி தொடங்கும் நாளுக்கு ஒருநாள் முன்பாவது இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

1. தகுதிச் சான்றிதழ் நடப்பில் உள்ளதா, தகுதி பெற்ற இயக்குநர் பணியில் இருக்கிறாரா என்று பார்த்து, இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தீ மூட்டாமல் நிறுத்த வேண்டும்.

2. உலர் முறையில் இருந்த கலத்தைத் திறந்து, முன் கூறிய நுழைவு விதிகளின்படி எல்லாத் தட்டுகளையும் வெளியே எடுத்து, எண்ணிக்கையைக் குறிப்பேட்டோடு ஒப்பிட வேண்டும். ஒரு தட்டு உள்ளே தங்கினாலும் அது நீரோட்டத்தையோ புளோடவுன் வாயையோ அடைக்கக்கூடும். சுண்ணாம்பு சிந்தியிருந்தால் முழுவதும் கழுவ வேண்டும்.

3. உட்புறத்தை விளக்கொளியில் பார்த்து, புதிதாகக் குழிகளோ கசிவின் தடமோ தென்பட்டால் தகுதியான ஆய்வாளரிடம் காட்டாமல் மேற்செல்லக் கூடாது.

4. புகைபோக்கியின் அடைப்பு, இணைப்புகளில் செருகிய தகடுகள், சூடேற்றி, துணிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலைப் பார்த்து எடுக்க வேண்டும். நினைவை நம்பக் கூடாது.

5. புதிய கேஸ்கட்டுகளோடு மூடி, காற்று வால்வைத் திறந்து வைத்து, மிகவும் குளிர்ந்த நீரைத் தவிர்த்து மெதுவாக வழக்கமான மட்டம்வரை நிரப்ப வேண்டும். ஈர முறையில் இருந்த கலமானால், மிகுநீரை வடித்து மட்டத்துக்குக் கொண்டுவந்து, மருந்தளவு வழக்கநிலைக்கு இறங்கும்வரை புதுநீர் கலக்க வேண்டும்.

6. எரிப்பானின் முனை, தீயை உணரும் கண், எரிபொருள் வடிகட்டி ஆகியவற்றைத் துடைத்து, தீ மூட்டுமுன் ஊதியை முழு நேரம் ஓட விட்டு உள்ளே தேங்கிய எரிவாயுவை அகற்ற வேண்டும். முதல் முயற்சியில் தீப் பற்றாவிட்டால் காரணம் தெரியாமல் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது தீப்பக்க வெடிப்புக்கு வழிவகுக்கும்.

7. சிறுதீயில் விட்டுவிட்டு எரித்து, பல மணிநேரத்தில் சூடேற்ற வேண்டும். காற்று வால்விலிருந்து காற்றுக் கலவாத நீராவி சீராக வந்தபின் அதை மூடலாம்.

8. அழுத்தம் சிறிது ஏறியதும் கேஜ் கிளாஸை ஊதிச் சோதிக்க வேண்டும். நீர்மட்டம் குறைந்தால் தீயை நிறுத்தும் கருவியை உண்மையாகவே மட்டத்தை இறக்கிச் சோதித்து, தீ அணைவதைக் கண்ணால் காண வேண்டும். மேன்ஹோல் நட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மறுபடி முடுக்குவது அழுத்தம் இல்லாத நிலையில், ஆறியபின் செய்ய வேண்டிய வேலை. ஆகவே கசிவு தெரிந்தால் தீயை அணைத்து அழுத்தத்தை இறக்க வேண்டும்.

9. தலைமை நீராவி வால்வைத் திறக்குமுன் நீராவிக் குழாயின் வடிகால்களை எல்லாம் திறந்து வைத்து, வால்வை நூலிழை அளவில் திறந்து குழாய் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் குளிர்ந்து கிடந்த குழாயில் தேங்கிய நீரை நீராவி உந்தி அடிக்கும் அடி, வளைவுகளையும் இணைப்புகளையும் உடைத்துவிடும்.

10. முதல் எட்டு மணிநேரம் அழுத்தம், நீர்மட்டம், புகைபோக்கியின் வெப்பம், நீரின் நிறம் ஆகியவற்றை மணிக்கு ஒருமுறை குறிப்பேட்டில் எழுத வேண்டும். நீர் செந்நிறமாக வந்தால் உள்ளே துரு கரைந்து வருகிறது. நிறம் தெளியும்வரை புளோடவுனை அடிக்கடி திறந்து, மறுநாள் நீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும்.